பால் காய்ச்சியாச்சு, பத்திரம் ஆகவில்லை

ஜூன் 8, ஞாயிறு

பால் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. வந்தவர்கள் எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள். வீடு மட்டும் இன்னும் எங்களுடையது இல்லை.

எழுதும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது. முதலில் பத்திரம், அப்புறம் பால். அதுதானே முறை? ஆனால் தரகர் வேல்சாமி ஒற்றைக்காலில் நின்றார். "வைகாசிய விட்டா ஆனி, ஆடி ரெண்டு மாசம் பால் காய்ச்ச முடியாதுக்கா. பத்திரம் எங்க ஓடிறப் போகுது? இப்ப பாலக் காய்ச்சிப்புட்டு, ஆனியில ஒரு நாள் பாத்துப் பதிஞ்சுக்கலாம்." வீட்டை விற்கிற அழகுமலை அண்ணனும் சாவியை அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்து, "நமக்குள்ள என்னம்மா, காய்ச்சுங்க" என்றார். என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி வழக்கம்போல "ம்" என்றார். அவர் காலேஜ் வேன் ஓட்டுகிறார். ஹாரன் அடிப்பதைத் தவிர வேறு சத்தம் எழுப்ப மாட்டார். அதனால்தான் நான் இந்த டைரியில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

விளாங்குடியில் ரெண்டு படுக்கையறை, முன்னால் ஒரு முருங்கை. கல்யாணம் ஆன நாளிலிருந்து செல்லூரில் வாடகை வீடு. ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மாடி ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். எனக்கென்று ஒரு சுவர் வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

பால் குடிக்க வந்த பக்கத்து வீட்டம்மா, "பஞ்சவர்ணம் வரலையா?" என்று கேட்டார். யார் என்று கேட்டேன். அழகுமலை அண்ணனின் தங்கச்சியாம், மேலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறதாம். வீடு அவர்கள் அப்பா கட்டியது. அவர் எதுவும் எழுதிவைக்காமல் போய்விட்டதால் அண்ணன், தங்கச்சி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "பதியிற அன்னைக்கு வந்துரும், வந்துரும்" என்றார் அழகுமலை அண்ணன். பக்கத்து வீட்டம்மா டம்ளரில் பாதிப் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார். சர்க்கரை அதிகமோ என்னவோ.

ஜூன் 15, ஞாயிறு

மூட்டை கட்டியாயிற்று. மாடியில் இருக்கிற செல்லூர் வீட்டுக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. அவர் மகனுக்குக் கல்யாணம், இந்தப் போர்ஷன் அவர்களுக்கு வேண்டும். பாத்திரம், சாமி படம், குளிர்காலப் போர்வை எல்லாம் அட்டைப்பெட்டிக்குள். மதுரையில் எதற்குக் குளிர்காலப் போர்வை என்று இவர் கேட்டார். வாயைத் திறந்தால் இப்படித்தான் திறப்பார்.

ஜூன் 23, திங்கள்

இன்று பதிவு என்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு வேல்சாமி போன். "சர்வர் வேலை செய்யலக்கா."

நான் ரேஷன் கடை விற்பனையாளர். சர்வர் வேலை செய்யவில்லை என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்கிறவள் நான். என்னிடமேவா? "எப்ப வேலை செய்யும்?" என்று கேட்டேன். "நாளைக்குப் பாப்போம்" என்றார். அதுவும் என் வசனம்தான்.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

இந்த வாரம் மட்டும் வேல்சாமி சொன்ன காரணங்கள்: சர்வர். பட்டாவில் அழகுமலை அண்ணன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. அதைச் சரிசெய்யும் ஆள் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அழகுமலை அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. நேற்று வில்லங்கம் போட வேண்டும் என்றார். வில்லங்கம்தான் போன மாதமே போட்டுப் பார்த்து, சுத்தம் என்று அவரே கொண்டுவந்து கொடுத்தாரே! கேட்டால், "அது போன மாசத்துக்குக்கா" என்கிறார்.

எதை நம்புவது? எல்லாமே உண்மை மாதிரியும் இருக்கிறது, எல்லாமே பொய் மாதிரியும் இருக்கிறது. இவரிடம் கேட்டேன். "இருக்கும்" என்றார். எது இருக்கும் என்று சொல்லவில்லை.

இட்லிப் பானை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியவில்லை. நாலு பெட்டியைப் பிரித்ததில் சாமி படம்தான் வந்தது. காலையில் உப்புமா.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. அழகுமலை அண்ணனுக்கு நானே போன் போட்டேன். "ஆடியில போயி பத்திரம் பதியிறதாம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். ஆனியில் என்ன செய்துகொண்டிருந்தார்? கேட்க வாய் வந்தது. வீட்டைக் கையில் வைத்திருக்கிறவர் அவர். வாயை மூடிக்கொண்டேன்.

மாடிவீட்டுக்காரர் இன்று என்னிடம் பேசவில்லை, சுண்ணாம்பு அடிக்கிற ஆளை அழைத்துவந்து எங்கள் வீட்டை அளந்து பார்த்தார். நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பக்கத்தில் எல்லோருக்கும் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து போனார்கள். எனக்கு ஒரே அண்ணன், ராசாங்கம், சோழவந்தானில். வரவில்லை. நடவு நேரம், வேலை இருக்கும்.

அப்பா இறந்தபின் வீட்டையும் வயலையும் அண்ணன் பெயருக்கு மாற்ற நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காலையில் காரை அனுப்பினான், போனேன், காட்டிய இடத்தில் போட்டேன், காரிலேயே திரும்பினேன். மதினி ஒரு சேலை வைத்துக் கொடுத்தாள். நல்ல சேலைதான், இன்னும் கட்டவில்லை. நமக்கு அதிலெல்லாம் ஒரு வருத்தமும் கிடையாது. இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் நானே செய்தேன். இவர் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

குட்டு உடைந்தது. ஆவணி பிறந்ததும் வேல்சாமியைக் கடைக்கே வரச்சொல்லி, சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்து, உண்மையைச் சொல்லாமல் எழுந்திரிக்கக் கூடாது என்றேன்.

சர்வரும் இல்லை, இடுப்பும் இல்லை. மேலூர்த் தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறதாம்! ஜூன் மாதமே வேல்சாமி காகிதத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மோர் கொடுத்து, "போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டதாம். மறுபடி போனதற்கும் மோர். பங்கு கேட்கிறதா என்றேன். இல்லையாம். பின்னே என்னதான் வேண்டுமாம்? "அது சொல்லமாட்டேங்குதுக்கா. சிரிக்கிது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கட்டிக்கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பிறந்த வீட்டில் என்ன பிடிமானம்? நானெல்லாம் ஒரு வார்த்தை கேட்டேனா? பேனாவைக் கொடுத்தார்கள், போட்டேன். பெண்பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே மேலூர் போய் அந்த அம்மாவை ரெண்டில் ஒன்று கேட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது எனக்குப் புரிகிறதா என்று பார்ப்போம்.

பஸ்ஸில் போகும்போதே எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். முதலில் தன்மையாகப் பேசுவது. மூட்டை கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறோம் என்று சொல்வது. அதற்கும் மசியாவிட்டால் அழுவது. அழுகை எனக்குச் சுலபமாக வரும்.

பஞ்சவர்ணத்தம்மாளுக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொன்னதுமே, "பால் காச்சுனது நீதானா?" என்றார். நான் மனப்பாடம் செய்ததில் இந்தக் கேள்வி இல்லை.

"ஆமாக்கா."

"நல்லாப் பொங்குச்சா?"

"பொங்குச்சுக்கா."

"எந்தப் பக்கம்?"

"கெழக்க."

"நல்லது, உள்ள வா. வெயில்ல நிக்கிறயே."

சண்டைக்கு வந்தவளை இப்படிக் கேட்டால் என்ன செய்வது? நானும் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். அவரே பேசினார்.

"விளாங்குடியில பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணி, 'என்ன பஞ்சவர்ணம், ஒங்க வீட்டுல பால் காச்சுறாக, நீ வரலையே'ங்கிறா. எங்க வீடு விக்கிறதே எனக்கு அப்பத்தேன் தெரியும் தாயி. 'ஒடம்புக்கு முடியல, அதான் வரல'ன்னு அவகிட்ட ஒரு பொய்யச் சொன்னேன். பத்து நாள் கழிச்சு புரோக்கர் வர்றாரு, பேனாவோட."

"ஒங்களுக்குப் பங்கு வேணும்னா அண்ணன்கிட்ட…"

"பங்கா? எம் மகன் ரெண்டு கடை வச்சிருக்கான். எனக்கு என்ன கொறச்சல்? எங்கண்ணன் வரணும். இந்தப் படி ஏறணும். 'ஏத்தா, வீட்டக் குடுக்கலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?'ன்னு ஒரு வார்த்த கேக்கணும். நான் 'குடுண்ணே'ன்னு சொல்லணும். அம்புட்டுத்தேன். கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"இத அவர்கிட்டயே சொல்லிறலாம்லக்கா?"

"சொல்லிக் குடுத்துக் கேக்குறதுக்குப் பேரு கேக்குறதா?"

இந்த இடத்தில்தான் நான், "எங்களுக்காக மனசு எறங்கி ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தேன். "அவுக வந்து கேக்குற வரைக்கும் போடாதீங்கக்கா" என்று வந்தது.

அவர் கை அப்படியே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டி, ஒனக்கு வீடு வேணாமா?"

"வேணும்க்கா."

"பெறகு?"

"தெரியலக்கா" என்றேன். வெங்காயம் உரித்தால் கண் கலங்கத்தான் செய்யும்.

சாப்பிடாமல் விடவில்லை. கருவாட்டுக் குழம்பு. "ஒனக்கு அண்ணன் தம்பி இருக்காகளா? வந்து போவாகளா?" என்று கேட்டார். "இருக்காக. வேலை இருக்கும்க்கா" என்றேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

நான் என்ன, பைத்தியமா? என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மேலூரில் என்ன சொன்னார்கள் என்று இவர் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள் என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆவணி முகூர்த்தம் ஒவ்வொன்றாகப் போகிறது. மாடிவீட்டுக்காரர் படியில் நின்று கத்தினார், தெருவே கேட்டது. அவர் கத்துவதும் நியாயம்தான். மகன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நான் மட்டும் அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்நேரம் விளாங்குடியில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருப்போம். போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ரெண்டு தரம் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எல்லாம் வெளிவந்துவிட்டது.

சாயங்காலம் அழகுமலை அண்ணன் வந்தார், கூட வேல்சாமி. உட்காரவே இல்லை. "ஏம்மா, நீதான் கையெழுத்துப் போடாதன்னு எந் தங்கச்சிகிட்டச் சொன்னியாமே? தங்கச்சி மகன் சொல்றான். ஒனக்கு வீடு வேணுமா, எங்க குடும்பத்துல பஞ்சாயத்துப் பண்ணணுமா?"

வேல்சாமி வாயைப் பிளந்தார். இவர் என்னைப் பார்த்தார். எனக்கு எப்படியோ பேச்சு வந்தது.

"வீடுதாண்ணே வேணும். நீங்க போயி ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சது."

"நான் எதுக்குக் கேக்கணும்? எந் தங்கச்சி. நான் சொன்னா அது மறுக்கவா போகுது?"

"மறுக்க மாட்டாகண்ணே. அதனாலதான் கேக்கணும்."

"அட்வான்சத் திருப்பி வாங்கிக்கம்மா. வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"வேற யாருக்குக் குடுத்தாலும் அவுக கையெழுத்து வேணும்ல?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப பூட்டியே கெடக்கட்டும்" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார். வேல்சாமி போகும்போது, "யக்கா, இப்படியும் ஒரு பார்ட்டிய நான் பாத்ததில்ல" என்றார்.

அவ்வளவுதான், வீடு போயிற்று. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் இவர் தோசையைப் பிட்டுக்கொண்டே, "இங்கேரு, அன்னைக்கு ஒங்கண்ணன் ஒன்னையக் கேட்டாரா?" என்றார்.

"எத?" என்றேன்.

சட்னியில் உப்பு கூடிப்போச்சா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் வேன் எடுக்கப் போய்விட்டார். நான் கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இந்த மனுஷனை நான் என்ன சொல்ல! காலையில் டீசல் போடப் போகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போனவர் இருட்டினபிறகுதான் வந்தார். டீசல் போடப் போனவர் அழகுமலை அண்ணன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, "வாங்கண்ணே, சும்மா ஒரு எட்டு மேலூர் போயிட்டு வருவோம்" என்றிருக்கிறார். வர மாட்டேன் என்றாராம். இவர் பேசாமல் வேனிலேயே உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் உட்காருவதில் இவரை யார் ஜெயிக்க முடியும்? கடைசியில் அந்த அண்ணன் பொண்டாட்டி, "போயிட்டுத்தான் வாங்களேன், தெருவே பாக்குது" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாராம்.

அங்கே போய் என்ன ஆச்சு என்று இவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அழகுமலை அண்ணன் மழையைப் பற்றிப் பேசினாராம், அப்புறம் மாட்டுத்தீவனம் பற்றி. சாப்பிட்டாராம். கேட்கவே இல்லையாம். கிளம்பலாம் என்று இவரே எழுந்துவிட்டாராம். கொல்லையில் தங்கச்சி தண்ணி ஊற்ற, அண்ணன் கை கழுவிக்கொண்டே, குனிந்தபடி, "ஏத்தா, வீட்டக் குடுத்திரவா?" என்றிருக்கிறார்.

"அவுக என்ன சொன்னாக?"

"குடுண்ணேன்னாக."

"அழுதாகளா?"

"அவுக அழுகல" என்றார்.

யார் அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டதால் இனி ஐப்பசியில்தான் பதிவு. மாடிவீட்டுக்காரர் காலில் நானே போய் விழப்போகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. அண்ணன் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

பத்திரம் பதிந்தாயிற்று. சர்வர் வேலை செய்தது!

பஞ்சவர்ணத்தக்கா அண்ணனோடு ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார். அதிகாரி அவரைப் பார்த்து, "சம்மதத்தோடதானம்மா கையெழுத்துப் போடுறீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அக்கா நிமிர்ந்து, "எங்கண்ணன் வீடு தேடி வந்து கேட்டுச்சு சார்" என்றார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆமாவா இல்லையா என்று மறுபடி கேட்டார். "ஆமா" என்று சொல்லி, எழுத்துக்கூட்டி, முழுப்பெயரையும் நிதானமாக எழுதினார்.

அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்று என்னையும் ஒருவர் இதே கேள்வி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் சம்மதம்தான் சார்" என்று அண்ணன் பின்னாலிருந்து சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். எனக்கு இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தண்ணி குடிக்கிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். வருத்தம் இல்லை என்று இந்த டைரியில் எங்கேயோ எழுதியிருக்கிறேன். அது பொய். எனக்கு வருத்தம்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

விளாங்குடி. சாமான் இறக்கியாயிற்று. இவர் ஏணி கேட்டு வாங்கிவந்து ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது போன். பார்த்தால் அண்ணன்.

எடுத்த எடுப்பிலேயே கத்தினான். "வீடு வாங்கிட்டியாம்ல? ஊர்க்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அண்ணன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னைய ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணுச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணி கொட்டுகிறது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. இவர் ஏணியை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அண்ணன் அங்கே பயந்துபோய், "ஏ தமயந்தி, என்னடி ஆச்சு, போன மச்சான்ட்டக் குடு" என்கிறான்.

நான் குடுக்கவில்லை.

"கேட்டிருக்கணும்ணே" என்றேன். "ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சிறப் போகுது? யாரா இருந்தாலும் கேட்டிருக்கணும்."

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.